விற்றவன் இல்லாமல் வொல்யூம் ஏறாது

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வார இறுதிகளில் மண்டபம் எடுத்துப் பங்குச் சந்தை வகுப்பு நடத்துகிறார் ஒரு பயிற்சியாளர். அவருடைய கைந்நூலை, என்னிடம் உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்த பிள்ளையொருவர் கொண்டுவந்து காட்டினார். அதன் சாரம் இதுதான். ஒரு பங்கின் வொல்யூம், அதாவது ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, முந்தைய 20 நாட்களின் சராசரியைப்போல மூன்று மடங்காகி விலையும் ஏறினால் அன்றே வாங்க வேண்டும். வொல்யூம் வற்றத் தொடங்கினால் விற்றுவிட வேண்டும். விலையில் ஏமாற்றலாம், வொல்யூமில் ஏமாற்ற முடியாது. ஆண்டறிக்கை படிப்பது கணக்காளர் வேலை. போன் திரையில் தெரியும் பச்சை, சிவப்புக் கட்டைகளே நமக்குப் போதும்.

இதில் ஒரு வரிகூடச் சரியில்லை. அதற்குக் கட்டணம் கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. கொழும்புக் கடைகளில் நின்றபடி வேலை செய்து மாதம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கும் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பும் காசை வீட்டுக் கூரைக்குச் சேர்த்து வைத்திருப்பவர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்தவர்கள். இவர்களுக்குப் பிழையான பாடம் சொல்லிக் கொடுத்தால் அந்த நட்டத்தைத் தாங்க இவர்களிடம் வேறு எதுவும் இல்லை. ஆகவே பயிற்சியாளரின் வாதத்துக்குப் பொதுவெளியிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு விடியற்காலை வழக்கத்தைவிட மூன்று மடங்கு கோவா கைமாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு நாளைக்கு விலை ஏறும் என்று வெலிமடைப் பக்கத்து விவசாயி எவரும் சொல்லமாட்டார். வெளியூர் வியாபாரிகள் லொறியோடு வந்து அள்ளினார்களா, அல்லது மழைக்குப் பயந்து எல்லோரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டுவந்து கொட்டினார்களா என்றுதான் முதலில் விசாரிப்பார். பங்குச் சந்தையிலும் அதே கணக்குத்தான். மூன்று இலட்சம் பங்குகள் வாங்கப்பட்டன என்றால் மூன்று இலட்சம் பங்குகள் விற்கப்பட்டிருக்கின்றன. வொல்யூம் கட்டை உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு நாளும், அதே உயரத்துக்கு விற்று வெளியேறிய கூட்டமும் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டம் யார், ஏன் விற்றது என்பதைப் பற்றிக் கைந்நூலில் ஒரு சொல்லும் இல்லை.

விலையும் சேர்ந்து ஏறுகிறதே, அது வாங்குபவரின் வேகத்தைக் காட்டவில்லையா என்று பயிற்சியாளர் கேட்பார். ஆயிரக்கணக்கானோர் நாள் முழுதும் வாங்கி விற்கும் பெரிய சந்தையில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. ஆனால் கொழும்பில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் பலவற்றில் பெரும்பான்மைப் பங்கு ஒரே குழுமத்தின் கையில் இருக்கிறது. பொதுமக்களிடம் சுற்றுவது சிறு பகுதி. அத்தகைய பங்கை ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குச் சராசரியாக 5,000 பங்குகள் கைமாறுகின்றன, விலை 40 ரூபா. ஆக ஒரு நாள் புரள்வு 2 இலட்சம் ரூபா. பயிற்சியாளர் கேட்கும் மூன்று மடங்கை எட்ட இன்னும் 4 இலட்சம் ரூபா புரள வேண்டும். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு தங்களுக்குள் வாங்கி விற்றால் அந்த 4 இலட்சமும் அவர்களை விட்டு எங்கும் போவதில்லை. பங்கும் அவர்களிடமே இருக்கும். கொழும்புச் சந்தையில் தரகும் கட்டணங்களும் வரியும் சேர்த்து வாங்குபவருக்கு 1.12 வீதம், விற்பவருக்கு 1.12 வீதம். 4 இலட்சத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 8,960 ரூபா. அதற்கிடையில் சில நூறு பங்குகளைக் கொஞ்சம் உயர்ந்த விலைக்கு எடுத்தால் கட்டை பச்சையாகவும் மாறிவிடும்.

ஒன்பதாயிரம் ரூபாவுக்குள் தயாரிக்கக்கூடிய ஒரு சமிக்ஞையை நம்பித்தான் நம் பிள்ளைகள் ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் என்று போடுகிறார்கள். அவர்கள் உள்ளே வரும் அன்று, கட்டையை உயர்த்தியவர் வெளியே போகிறார். வொல்யூமில் ஏமாற்ற முடியாது என்ற வரி முழுப் பொய். சந்தையில் காசு கொடுத்துச் செய்யக்கூடிய பொருள்களில் வொல்யூமைவிட மலிவானது வேறொன்றில்லை.

இது என் கற்பனை அல்ல. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம், ஒரு பங்கு மும்முரமாகக் கைமாறுவதுபோலப் பொய்த் தோற்றம் உண்டாக்குவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. யாரும் செய்யாத காரியத்துக்காகப் பாராளுமன்றம் தண்டனை விதிப்பதில்லை. இந்தியாவில் 2001இல் பங்குத் தரகர் கேதன் பரேக்கின் விவகாரம் வெடித்தபோது தெரியவந்ததும் இந்த வித்தைதான்: சில பங்குகளைத் தமக்குள் சுற்றிச் சுற்றி வாங்கி விற்று, பெரும் கேள்வி இருப்பதுபோலக் காட்டுவது. இந்தியச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அவரைச் சந்தையிலிருந்து 14 ஆண்டுகள் விலக்கி வைத்தது.

கொழும்பின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2008 முடிவில் 1,500 அளவில் இருந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபின் ஏறத் தொடங்கி 2010 முடிவில் 6,600ஐக் கடந்தது. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. அந்த ஏற்றத்தில் நல்ல கம்பனிகளும் இருந்தன. அவற்றோடு, இலாபமே காணாத சில்லறைக் கம்பனிகளின் பங்குகளும் அசுர வொல்யூமோடு பறந்தன. ஆணைக்குழு விலைக்கு வரம்பு போட்டது, தரகர்கள் கொடுக்கும் கடனைக் கட்டுப்படுத்தியது, சந்தேகமான கொடுக்கல் வாங்கல்களை விசாரிக்கத் தொடங்கியது. விளைவு என்ன? தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப்பின் வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார்; விசாரணைக்கு உள்ளானவர்களிடமிருந்து வந்த அழுத்தத்தை அவர் வெளிப்படையாகவே பேசினார். ஓர் ஆண்டுக்குள் இரண்டு தலைவர்கள். சுட்டி 2012 நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே கிடந்தது. அந்தக் காலத்து வரைபடத்தில் பயிற்சியாளரின் மூன்று மடங்குக் கட்டைகள் எத்தனையோ நிற்கின்றன. அவற்றைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் நீண்ட காலம் அந்த விலையைக் காணவில்லை.

அந்த ஆண்டுகளில் வாங்கியவர்களில் ஊழியர் சேமலாப நிதியும் ஒன்று. இதை மலையகத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தரும் 12 வீதமும் சேரும் நிதி அது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது. பணத்தை நிர்வகிப்பது மத்திய வங்கி. ஊவாவின் மலைகளில் கொழுந்து பறித்த பெண்கள் பலரின் முதுமைக்கான காசும் அதில்தான் கிடக்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நிதி கொழும்புச் சந்தையில் பங்குகளை அள்ளியது. உச்ச விலையில் வாங்கிய சில பங்குகள் பெரும் நட்டத்தில் முடிந்தன. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, பிற்காலத்தில் தடயவியல் கணக்காய்வும் நடந்தது. பெரிய நிதி ஒன்று வாங்க இறங்கினால் வொல்யூம் கட்டை வானம் தொடும். நிறுவனங்கள் வாங்குகின்றன, நாமும் பின்னால் போவோம் என்று கைந்நூல் அதைத்தான் அர்த்தப்படுத்தச் சொல்லும். அந்த நாட்களில் அப்படிப் பின்னால் போனவர், பதுளைத் தோட்டத்துத் தொழிலாளியின் சேமிப்பின் தலையில் யாரோ பங்கைக் கட்டிவிட்டுப் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். எங்கள் மக்கள் ஒருமுறை தெரியாமலே விலை கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர்களின் பிள்ளைகளைத் தெரிந்தே கொடுக்கச் சொல்கிறார் இந்தப் பயிற்சியாளர்.

இன்னொரு விஷயம் கிராஸிங். பெரிய தொகுதிப் பங்குகளை விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே விலை பேசி முடித்துவிட்டுச் சந்தையின் ஊடாகப் பதிவு செய்வார்கள். ஒரு குழுமம் தன் ஒரு கம்பனியிலிருந்து மற்றக் கம்பனிக்கு மாற்றினாலும் இப்படி நடக்கலாம். அதுவும் அன்றைய புரள்வில் சேரும். மறுநாள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் கிராஸிங் என்று தனியே எழுதியும் இருப்பார்கள். அதில் கேள்வியும் இல்லை, ஆர்வமும் இல்லை, ஒரு கையொப்பம்தான் இருக்கிறது. கொழும்புச் சந்தையைப் பற்றிப் பாடம் எடுப்பவர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றால் அவருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவர் கட்டணம் வாங்கத் தகுதியற்றவர்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நிரூபித்துவிட்டன என்று கைந்நூலின் கடைசிப் பக்கம் சொல்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வு என்ற விவரம் இல்லை. இருப்பதை நான் சொல்கிறேன். வொல்யூம் முந்தும், விலை பிந்தும் என்ற கொள்கையை ஊரறியச் செய்தவர் அமெரிக்கரான ஜோசப் கிரான்வில். 1963இல் புத்தகமாகவே எழுதினார். 1981 ஜனவரியில் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று தன் சந்தாதாரர்களுக்கு அவர் அறிவித்ததும் நியூயோர்க் சந்தையே சரிந்தது; அந்த அளவுக்குச் செல்வாக்கு. 1982 ஓகஸ்டில் அமெரிக்கச் சந்தை வரலாற்றின் பெரிய ஏற்றங்களில் ஒன்று தொடங்கியபோதும் அவர் விற்கவே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நம்பியவர்கள் அந்த ஏற்றத்தைக் கரையில் நின்று பார்த்தார்கள். கொள்கையைக் கண்டுபிடித்துப் பரப்பியவருக்கே அது வழிகாட்டவில்லை.

ஆய்வுகளில் பயிற்சியாளருக்குச் சாதகமானது ஒன்று இருக்கிறது, அதையும் நானே எடுத்துத் தருகிறேன். ஜெர்வே, கனியேல், மிங்கெல்கிரின் மூவரும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, நியூயோர்க் சந்தையில் ஒரு நாளோ ஒரு வாரமோ வழக்கத்துக்கு மாறாக வொல்யூம் கூடிய பங்குகள் அடுத்த ஒரு மாதத்தில் சராசரியாகச் சற்று ஏறின என்று காட்டியது. அது உலகின் மிக ஆழமான சந்தையின் முப்பது ஆண்டுக் கணக்கு. நூற்றுக்கணக்கான பங்குகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்த சராசரி. ஒரு பிள்ளை ஒரு பங்கை ஒரு நாள் வாங்குவதற்கு அது உத்தரவாதம் தராது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே சார்ல்ஸ் லீயும் பாஸ்கரன் சுவாமிநாதனும் அதே அமெரிக்கச் சந்தையில் எதிர்த்திசையைக் கண்டார்கள்: மாதக்கணக்கில் அதிகம் கைமாறிய பங்குகள் பிற்பாடு குறைவான ஆதாயமே தந்தன. பார்பர், ஓடீன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வோ நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர்களைப் பற்றியது. வொல்யூம் திடீரென உயர்ந்த பங்குகளைச் சிறியவர்கள் ஓடிப்போய் வாங்குகிறார்கள், ஏனென்றால் அவை கண்ணில் படுகின்றன. அந்த வாங்குதலால் அவர்களுக்கு ஆதாயம் வரவில்லை. இதே இருவர் 2000இல், 66,465 குடும்பங்களின் கணக்குகளை எடுத்து, அதிகம் வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 வீதம் பெற்றபோது சந்தை 17.9 வீதம் தந்தது என்று காட்டினார்கள். கைந்நூல் கற்பிக்கும் ஒழுக்கத்தின் பலன் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் காணாமல் போகிறது.

அடிக்கடி வாங்கி விற்பதற்கு இங்கே என்ன செலவு? ஒருமுறை வாங்கி விற்க 2.24 வீதம். ஒரு இலட்சத்துக்கு 2,240 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஓடி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சம்பளக் கணக்கில், ஒன்றரை நாள் கொழுந்துக் கூலிக்கு மேல் தரகருக்கும் கட்டணத்துக்கும் போகிறது. ஆண்டுக்குப் பத்து முறை செய்தால், விலை அசையாமலே போட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும்.

வொல்யூம் வற்றினால் விற்றுவிடு என்ற இரண்டாவது விதிதான் எல்லாவற்றிலும் கொடியது. வொல்யூம் வற்றுவது என்றால் என்ன? பல நேரம் வாங்க ஆளில்லை என்பதுதான். அந்த நேரம் விற்கப் போகிறவர் யாருக்கு விற்பார்? நாளொன்றுக்கு 5,000 பங்குகூடக் கைமாறாத ஒன்றில் 4,000 பங்கு வைத்திருக்கும் பிள்ளை, ஒரே நாளில் விற்கப் போனால் தன் விலையைத் தானே உடைக்க வேண்டியிருக்கும். உள்ளே வர மட்டும் கதவுள்ள ஓர் ஏற்பாட்டை வெளியேறும் வழி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

2021, 2022 ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். போனிலேயே, பங்குகளை மின்பதிவில் வைத்திருக்கும் சீடீஎஸ் கணக்கைத் திறக்கலாம் என்றானதும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையாக உள்ளே வந்தார்கள். 2021இல் கொழும்புச் சந்தையின் ஆண்டுப் புரள்வு ஒரு இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியது. அதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. எக்ஸ்போலங்கா, எல்ஓஎல்சி, பிரவுன்ஸ் போன்ற சில பெயர்களே நாளாந்தப் பட்டியலின் தலையில் நின்றன. 2022 ஜனவரியில் சுட்டி 13,000ஐத் தாண்டியது. கைந்நூலின் கணக்குப்படி அதைவிட உறுதியான வாங்கு சமிக்ஞை இருக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்தார்கள். வீழ்ச்சியின் வேகம் தாங்காமல் அன்றே இடையில் நிறுத்தினார்கள். மாத முடிவில் சுட்டி 8,000க்கும் கீழே. பூட்டிய சந்தையில் வொல்யூம் பூச்சியம். அப்போது விற்றுவிடு என்ற விதி யாருக்கு உதவியது?

எக்ஸ்போலங்கா ஏறியதற்கு உண்மையான காரணம் இருந்தது: பெருந்தொற்றுக் காலத்தில் கப்பல், விமானச் சரக்குக் கட்டணங்கள் பன்மடங்காகி, சரக்கு அனுப்பும் தொழிலின் இலாபம் குதித்தது. காலாண்டு அறிக்கையைப் படித்தவருக்கு அது தெரியும். கட்டணம் இறங்கத் தொடங்கினால் கதை முடியும் என்பதும் தெரியும். கட்டையை மட்டும் பார்த்தவருக்கு எதனால் ஏறியது என்றும் தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது.

பயிற்சியாளர்மேல் எனக்கு மிகப் பெரிய கோபம் இந்த இடத்தில்தான். வெலிமடைப் பிள்ளைக்குக் கொழும்பில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத பல காரியங்கள் தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடித்துக் காயும் காலத்தில் ஊவாக் கொழுந்து குறையும், தேயிலையின் வாசனை கூடும், கொழும்பு ஏலத்தில் நல்ல தோட்டத் தேயிலைக்கு விலை ஏறும் என்பது லயத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது செடி என்ன ஆனது, உருளைக்கிழங்குப் பாத்தி என்ன ஆனது என்று முதலில் கண்டவர்கள் இவர்கள். 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 252 மில்லியனுக்கு இறங்கியது. அதே ஆண்டில் ரூபா வீழ்ந்ததால் ஏலவிலை ரூபாக் கணக்கில் எகிற, பெருந்தோட்டக் கம்பனிகள் பல நல்ல இலாபம் காட்டின. உற்பத்தி குறைந்தும் இலாபம் கூடிய இந்த விசித்திரத்தைப் புரிந்துகொள்ள நாணயமாற்று, ஏலவிலை, சம்பளம், விளைச்சல் என்ற நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகளால் முடியும். அதற்குத் தேவையான பாதி அறிவு வீட்டிலேயே இருக்கிறது. அதையெல்லாம் மறந்துவிடு, கட்டையைப் பார் என்று சொல்வது அவர்களிடமுள்ள ஒரே பலத்தைப் பிடுங்குவது.

வொல்யூமுக்குப் பயனே இல்லையா? ஒன்று உண்டு. நீங்கள் வைத்திருக்கும் அளவை விலை உடையாமல் எத்தனை நாளில் விற்க முடியும் என்று அது சொல்லும். வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டு, வெளியேற முடியாத பங்கை ஒதுக்கிவிடலாம். எப்போது வாங்குவது என்று அதனிடம் கேட்பது வீண்.

பங்குதாரராக இருப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் அந்தக் கம்பனிகளின் பங்குகள் பகிரப்பட்டபோது பத்து வீதம் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டது. பங்குதாரருக்கு ஆண்டறிக்கை வரும், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உண்டு. மண்டபம் எடுத்துச் சொல்லித்தர வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தாருங்கள்: இலாப நட்டக் கணக்கை எப்படிப் படிப்பது, கடன் எவ்வளவு என்று எங்கே பார்ப்பது, இருபது பெரிய பங்குதாரர் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்.

வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு கட்டணம் கட்டுவதற்கு முன், பயிற்சியாளருடைய சொந்தச் சீடீஎஸ் கணக்கின் கடந்த மூன்று ஆண்டு அறிக்கையையும், வாங்கி விற்றதற்குத் தரகர் கொடுத்த பற்றுச்சீட்டுகளையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். இந்த முறையால் அவர் சம்பாதித்திருந்தால் அதில் தெரியும். வைக்க மறுத்தால் எழுந்து வெளியே வாருங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.